சுட்டியைச் சேமித்தோமா, கட்டுரையைச் சேமித்தோமா? பாக்கெட் போன பிறகு திறமூல மாற்றுகள்

என் கணினியில் ஒரு சிஎஸ்வி கோப்பு இருக்கிறது, தகவல்களைக் காற்புள்ளியிட்டு வரிவரியாக வைக்கும் எளிய உரைக் கோப்பு. இணையக் கட்டுரைகளைப் பிறகு படிப்பதற்காகச் சேமித்து வைக்க உதவிய பாக்கெட் செயலி மூடப்படுவதற்கு முன் அதிலிருந்து இறக்கிக்கொண்டது. அதில் ஒரு வரி இப்படிப் போகிறது: முதலில் பனையோலைப் பெட்டி முடைவது பற்றிய ஒரு கட்டுரையின் தலைப்பு, அடுத்து ஒரு வலைப்பதிவின் முகவரி, அதற்கடுத்து 1371234567 என்று ஒரு பத்து இலக்க எண், கடைசியில் 'இன்னும் படிக்கவில்லை' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல். அந்த எண் நேரத்தைக் குறிக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி கடந்தது என்று கணினிகள் வைத்துக்கொள்ளும் கணக்கு அது. மாற்றிப் பார்த்தால் 2013 ஜூன் 14, இந்திய நேரப்படி நள்ளிரவுக்கு இன்னும் 33 வினாடி இருக்கும்போது அதைச் சேமித்திருக்கிறேன். வினாடி வரைக்கும் தெரிகிறது. ஆனால் முகவரியைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. கட்டுரை மட்டும் அல்ல, அந்த வலைப்பதிவே இப்போது இல்லை.

பாக்கெட்டுக்கு மாற்றாக எந்தத் திறமூலச் செயலியை, அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் செயலியை, எடுப்பது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த வரியைத்தான் முதலில் காட்டுகிறேன். எந்தச் செயலி அழகாக இருக்கிறது, எதில் வசதிகள் அதிகம் என்பதெல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை. நாம் இத்தனை ஆண்டுகள் சேமித்தது கட்டுரையையா, அதன் முகவரியையா என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். முகவரி மட்டும்தான் கையில் இருந்தது என்பது பெரும்பாலானவர்களுக்கு மூடுவிழாவின்போதுதான் தெரியவந்தது.

பாக்கெட் 2007 ஆகஸ்டில் பிறந்தது. நேட் வைனர் என்பவர் பயர்பாக்ஸ் உலாவிக்கு எழுதிய சிறிய நீட்சி (உலாவியில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) அது, அப்போது அதன் பெயர் 'ரீட் இட் லேட்டர்'. 2012 ஏப்ரலில் பாக்கெட் என்று பெயர் மாறியது. 2015-இல் பயர்பாக்ஸுக்குள்ளேயே பொத்தானாக வந்து உட்கார்ந்தது. கட்டற்ற மென்பொருளான உலாவிக்குள் மூடிய நிரலால் இயங்கும் ஒரு நிறுவனத்தின் சேவையை எப்படி நுழைக்கலாம் என்று அப்போதே பலர் கோபப்பட்டார்கள். 2017 பிப்ரவரியில் பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா அந்த நிறுவனத்தை வாங்கியது. மாதம் 1 கோடிக்கு மேற்பட்ட பயனர்கள், அதுவரை சேமிக்கப்பட்டவை 300 கோடிக்கு மேல் என்று மொசில்லா அன்று அறிவித்தது. பாக்கெட் இனி மொசில்லாவின் திறமூலத் திட்டத்தின் பகுதியாகும் என்றும் சொன்னது.

அந்தச் சொல் முழுதாக நிறைவேறவில்லை. நிரலின் பல பகுதிகள் காலப்போக்கில் பொதுவில் வைக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் நீங்களோ நானோ எடுத்து வந்து நம் கணினியில் நிறுவி ஓட்டக்கூடிய ஒரு முழுப் பொதியாக அது ஒருபோதும் வரவில்லை. பெரிய மேகக்கணிச் சூழலில் பல துண்டுகளாக ஓடும்படி கட்டிய ஒன்றின் நிரலை வெளியிடுவது, வீட்டின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு இனி இது உங்கள் வீடு என்று சொல்வதற்குச் சமம். 2025 மே 22-இல் மூடல் அறிவிப்பு வந்தது. மக்கள் இணையத்தைப் பயன்படுத்தும் விதம் மாறிவிட்டது என்று அதில் காரணம் சொல்லப்பட்டது. ஜூலை 8-இல் செயலி நின்றது. சேமிப்பை இறக்கிக்கொள்ள அக்டோபர் 8 வரை கொடுத்த அவகாசம் பின்னர் நவம்பர் 12 வரை நீண்டது. அதோடு கதவு அடைபட்டது.

இறக்கிக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது நான் மேலே சொன்ன சிஎஸ்வி கோப்பு: தலைப்பு, முகவரி, சேமித்த நேரம், குறிச்சொற்கள், படித்தாயிற்றா இல்லையா என்ற நிலை. கட்டுரையின் உரை அதில் ஒரு வரிகூட இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பேருந்திலும் ரயிலிலும் இணைய இணைப்பு இல்லாமலே நாம் படித்த அந்தத் துப்புரவான உரை கைபேசிக்குள்தான் இருந்தது. அது நம்முடையது என்றே நினைத்திருந்தோம். பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை. என் பனையோலைக் கட்டுரை அந்தக் கூட்டத்தில் ஒன்று.

இதே களத்தில் இதற்கு முன்பும் ஒரு சாவு நடந்திருக்கிறது. அது வேறு விதமான சாவு. 2009-இல் ஆர்க்90 என்ற நிறுவனம் 'ரீடபிலிட்டி' என்று ஒரு சிறிய நிரலை வெளியிட்டது. விளம்பரம், ஓரப்பட்டை, பின்னூட்டம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கட்டுரையை மட்டும் பிரித்துத் தருவதுதான் அதன் வேலை. அது செய்யும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பத்தியையும் எடுக்கிறது. 25 எழுத்துக்கூட இல்லாத பத்தியைத் தள்ளிவிடுகிறது. மீதியுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது, அந்தப் பத்தியில் எத்தனை காற்புள்ளி இருக்கிறதோ அத்தனை மதிப்பெண் கூட்டுகிறது. நூறு எழுத்துக்கு ஒன்று என்று மூன்று வரை இன்னும் கொடுக்கிறது. அந்த மதிப்பெண் பத்தியைத் தாங்கியிருக்கும் பெட்டிக்கு முழுதாகவும் அதற்கு வெளியே உள்ள பெட்டிக்குப் பாதியாகவும் போய்ச் சேர்கிறது. சுட்டிகளாகவே நிறைந்து கிடக்கும் பெட்டியின் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. கடைசியில் எந்தப் பெட்டி முந்தி நிற்கிறதோ அதுதான் கட்டுரை. மனிதர் எழுதிய உரைநடையில் காற்புள்ளி இருக்கும், பட்டியல்களில் இருக்காது என்ற எளிய கவனிப்பின் மேல் நிற்கும் கணக்கு இது.

அந்தப் பெயரில் நடந்த 'பிறகு படிக்க' சேவை 2016 செப்டம்பரில் மூடப்பட்டது. நிரல் சாகவில்லை. முதலிலேயே அதைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருந்தார்கள். பயர்பாக்ஸின் வாசிப்புப் பார்வை இன்றும் அதன் வழிவந்த நிரலில்தான் ஓடுகிறது. திறமூலச் சேமிப்புச் செயலிகள் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பதும் அதுவோ, அதன் உறவுக்காரரோதான். சேவை போனது, நிரல் நூறு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. திறமூலம் என்று நாம் நம்புவதன் பலம் இங்கே தெரிகிறது.

அந்தச் சொல்லைக் கண்டதும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கும் இதே களத்தில் சான்று உண்டு. ஆம்னிவோர் என்ற செயலி முழுக்கத் திறமூலம். ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமம், அருமையான வடிவம், இலவசச் சேவை. பாக்கெட்டை விட்டுப் பலர் அதற்குப் போனார்கள். 2024 அக்டோபர் இறுதியில் அதை உருவாக்கிய குழு எலெவன்லேப்ஸ் என்ற குரல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்வதாக அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே சர்வர் அணைந்தது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதன் நிரல் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம். ஆனால் அதுவும் கூகுளின் மேகக்கணியை மனத்தில் வைத்துப் பல துண்டுகளாகக் கட்டப்பட்டது. எடுத்து ஓட்டும் திறன் உள்ளவர் ஆயிரத்தில் ஒருவர். மற்ற எல்லாருக்கும் பாக்கெட் மூடியதற்கும் ஆம்னிவோர் மூடியதற்கும் உள்ள வேறுபாடு, அவகாசம் இன்னும் குறைவாக இருந்தது என்பது மட்டும்தான். உரிமம் நமக்கு உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைக் கையில் எடுக்கும் வழி எளிதாக இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே மாற்றுச் செயலி ஒன்றைப் பார்க்கும்போது நான் கவனிப்பவை சில. கட்டுரையின் உரையும் படமும் நான் தொடக்கூடிய இடத்தில் கோப்பாக விழுகின்றனவா? அந்தச் செயலி நாளை இல்லாமல் போனாலும் அந்தக் கோப்பை வேறு எதிலாவது திறக்க முடியுமா? நிறுவுவதற்கு எத்தனை உதிரிகள் வேண்டும்? இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பெயர்ப்பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

மூத்தது வாலாபேக். 2013-இல் நிக்கோலா லோயே என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. முதலில் அதன் பெயர் 'போஷ்', பிரெஞ்சில் சட்டைப்பை என்று பொருள். பாக்கெட்டுக்கு எதிராகவே வைத்த பெயர். பெயர்ச் சிக்கல் எழுந்ததும் 2014 தொடக்கத்தில் மாற்றினார்கள். வாலபி என்பது கங்காருவின் சிறிய உறவு, அதன் வயிற்றில் பை இருக்கிறது. சட்டைப்பையை விட்டுக்கொடுத்தவர்கள் வயிற்றுப்பையை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பாக்கெட் இல்லை, வாலாபேக் இருக்கிறது. பிஎச்பி மொழியில் எழுதியது, எம்ஐடி உரிமம். எளிய எஸ்கியூலைட் தரவுத்தளத்திலும் ஓடும், பெரிய தரவுத்தளங்களிலும் ஓடும். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் செயலிகள் உண்டு. கட்டுரைகளை இபப் என்ற மின்னூல் கோப்பாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் வெளியே எடுக்கலாம். சர்வர் நடத்த விருப்பமில்லாதவர்களுக்குத் திட்டத்தை நடத்துபவர்களே ஆண்டுக் கட்டணத்தில் ஒரு சேவை தருகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேலாக, பெரிய முதலீடு எதுவும் இல்லாமல், சந்தாவிலும் தன்னார்வத்திலும் உயிரோடு இருக்கும் திட்டம் அது. எனக்கு அதுவே பெரிய சான்றிதழ்.

மின்வாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கு வாலாபேக்கில் இன்னொரு நன்மை இருக்கிறது. கோபோ கருவிகளில் பாக்கெட் உள்ளேயே இருந்தது. அது போனதும் கோபோ நிறுவனம் இன்ஸ்டாபேப்பரைக் கொண்டுவந்தது. இன்ஸ்டாபேப்பர் நல்ல செயலிதான், 2008-இல் இருந்து நடக்கிறது, ஆனால் மூடிய நிரல். பெட்டாவொர்க்ஸ், பின்ட்ரெஸ்ட் என்று கைமாறி 2018-இல் மீண்டும் தனி நிறுவனமானது. திறமூல வழியிலேயே போக வேண்டும் என்றால் அந்தக் கருவியில் கோரீடர் என்ற வாசிப்பு மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். அதில் வாலாபேக்குக்கென்றே ஒரு செருகுநிரல் இருக்கிறது. காலையில் உலாவியில் சேமித்தது இரவில் கண் கூசாத திரையில் வந்து நிற்கும்.

வாலாபேக்கை நிறுவுவது கொஞ்சம் வேலை. பிஎச்பி, அதன் சார்புகள், அவ்வப்போது வரும் பதிப்புயர்வு என்று ஒரு பராமரிப்பு இருந்துகொண்டே இருக்கும். நானே நிறுவி நானே வைத்துக்கொள்கிறேன் என்பவருக்கு நான் முதலில் சொல்வது ரீடெக். ஏஜிபிஎல் உரிமம், கோ மொழியில் எழுதியது, ஒரே ஒரு கோப்பு. அதை இறக்கி இயக்கினால் போதும், வேறு எந்த உதிரியும் கட்டாயம் இல்லை. பழைய மடிக்கணினியிலும் ஓடும், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலும் ஓடும்.

ரீடெக் என்னை வென்றது வேறு ஓர் இடத்தில். சேமிக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அது தனித்தனியே ஒரு ஜிப் கோப்பை உருவாக்கி வட்டில் வைக்கிறது. நிறுவிய முதல் நாள் நான் செய்தது இதுதான்: ஒரு கட்டுரையைச் சேமித்தேன், ரீடெக்கை நிறுத்தினேன், அதன் தரவு அடைவுக்குள் போய் அந்த ஜிப்பை எடுத்துச் சாதாரணமாக விரித்தேன். உள்ளே ஒரு எச்டிஎம்எல் பக்கம், பக்கத்தில் படங்கள். பக்கத்தை இரட்டைச் சொடுக்கினேன். எந்தச் செயலியும் இல்லாமல், இணையம் இல்லாமல், கட்டுரை படத்தோடு திறந்தது. பன்னிரண்டு ஆண்டு சேமிப்பு ஒரு சிஎஸ்வி கோப்பாகச் சுருங்கிப்போனதைப் பார்த்தவனுக்கு அந்த ஒரு நிமிடம் என்ன ஆறுதல் கொடுத்தது என்பதைச் சொல்லி முடியாது. ரீடெக் நாளைக்கே கைவிடப்பட்டாலும் என் அடைவில் இருப்பவை கட்டுரைகள்தான்.

வாசிப்புக்கு வேண்டியவையும் அதில் இருக்கின்றன. வரிகளுக்கு வண்ணம் பூசி வைக்கலாம். தேர்ந்தெடுத்த கட்டுரைகளைச் சேர்த்து ஒரே இபப் புத்தகமாக்கலாம். ஓபிடிஎஸ் என்ற நூற்பட்டியல் முறையை ஆதரிப்பதால் அதைப் புரிந்துகொள்ளும் எந்த வாசிப்பு மென்பொருளிலும் உங்கள் சேமிப்பு ஒரு நூலகம்போல விரியும். பாக்கெட், வாலாபேக், ஆம்னிவோர் மூன்றிலிருந்தும் சேமிப்பை வாங்கிக்கொள்கிறது.

கரகீப், லிங்க்வார்டன் என்ற இரண்டு பெயர்களும் இந்தத் தேடலில் கட்டாயம் கண்ணில் படும். இரண்டும் ஏஜிபிஎல், இரண்டும் சுறுசுறுப்பாக வளர்பவை. கரகீப் 2025 வரை 'ஹோர்டர்' என்ற பெயரில் இருந்தது. வீட்டில் சேர்ந்துபோன தட்டுமுட்டுச் சாமான்களைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது இன்றைய பெயர். சுட்டி, குறிப்பு, படம் என எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படித்துத் தேடத் தரும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குறிச்சொல்லைத் தானே ஒட்டும், நம் தரவை வெளியே அனுப்பாமல் அந்த மொழி மாதிரியை நம் கணினியிலேயே ஓட்டவும் வழி உண்டு. லிங்க்வார்டன் ஒவ்வொரு பக்கத்தையும் திரைப்பிடிப்பு, பிடிஎஃப், ஒற்றை எச்டிஎம்எல் என்று பல வடிவில் எடுத்து வைக்கும், குழுவாகச் சேர்ந்து பயன்படுத்துவோருக்கு ஏற்றது. பக்கம் எப்படித் தோற்றமளித்தது என்பதே முக்கியமான பத்திரிகையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இவை இரண்டும் பெரிய துணை.

ஆனால் இவை சேகரிப்பவர்களுக்கான கருவிகள் என்பது என் எண்ணம். இவற்றிலும் வாசிக்கலாம், ஆனால் வாசிப்பதற்காகவே எழுந்த வீடு அல்ல. கரகீப் ஓட வழக்கமாக முதன்மைச் செயலி, பக்கங்களைத் திறக்க ஒரு குரோம், தேடலுக்கு மெய்லிசர்ச் என்று மூன்று கொள்கலன்கள் (மென்பொருளைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகள்) வேண்டும். லிங்க்வார்டனுக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வேண்டும். இரவு உணவுக்குப் பின் இரண்டு கட்டுரை படிக்க விரும்பும் ஒருவருக்கு இது அதிகம். வெறும் முகவரிகளை ஒழுங்காக அடுக்கி வைத்தால் போதும் என்பவர்களுக்கு லிங்க்டிங் என்ற எளிய செயலி போதும். பாக்கெட்டைப் பார்த்து எழுதப்பட்ட ஷியோரியும் ஒற்றைக் கோப்பாக ஓடும்.

எதை எடுத்தாலும் ஒரு சிக்கல் பொதுவாக வரும். முன்கூட்டித் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். நீங்கள் ஒரு முகவரியைச் சேமிக்கும்போது அந்தப் பக்கத்தை எடுக்கப் போவது உங்கள் உலாவி அல்ல, சர்வர். உங்கள் உலாவி அந்தப் பத்திரிகையில் சந்தாதாரராக நுழைந்திருக்கிறது. சர்வர் யாரோ ஒரு வழிப்போக்கராகப் போய்க் கதவைத் தட்டுகிறது. அதனால் கட்டுரைக்குப் பதில் 'சந்தா செலுத்துங்கள்' என்ற அறிவிப்பைத்தான் அது பத்திரமாகச் சேமித்துக்கொண்டு வரும். பணம் கட்டிப் படிக்கும் கட்டுரைகளை இப்படி இழந்தவர்கள் பலர். இதற்கு மருந்து, உலாவி நீட்சி வழியாகச் சேமிப்பது. ரீடெக்கின் நீட்சி உங்கள் திரையில் இருக்கும் பக்கத்தையே சர்வருக்குக் கொடுக்கிறது. வாலாபேக்கின் நீட்சியிலும் அப்படிச் செய்யும் தெரிவு இருக்கிறது. கரகீப்போடு சிங்கிள்ஃபைல் என்ற நீட்சியை இணைக்கலாம். சேமித்தவுடன் ஒருமுறை திறந்து, கடைசிப் பத்தி வரை வந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

தமிழில் வாசிப்பவர்களுக்கு என்று தனியாகச் சோதிக்க வேண்டியவையும் உண்டு. முதலாவது தேடல். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரங்கள்' என்று எழுதியிருக்கும் கட்டுரை வருமா? ஆங்கிலத்துக்காக எழுதிய தேடுபொறிக்கு 'மரம்', 'மரத்தை' இரண்டும் வெவ்வேறு சொற்கள். எழுத்துத் தொடராகத் தேடும் செயலியில் 'மர' என்று பாதிச் சொல்லைக் கொடுத்தால் எல்லாம் வரும். சொல் சொல்லாகப் பிரித்துத் தேடும் செயலியில் உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகவே கருதாமல் அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அடுத்தது இன்னும் நுட்பமானது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தேடாத செயலியில் 'கொற்கை' கண்முன் இருந்தும் கிடைக்காது. பத்துத் தமிழ்க் கட்டுரைகளைப் போட்டு, நான்கைந்து சொற்களைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரை மணி நேர வேலை.

யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலும், ஒவ்வொரு இதழும் தனக்கென்று வைத்திருந்த எழுத்துருவிலும் வந்த பழைய தமிழ்ப் பக்கங்கள் வேறு கதை. கட்டுரையை மட்டும் உரித்தெடுக்கும்போது எழுத்துரு கழன்றுவிடும், மிஞ்சுவது புரியாத குறிகளின் குவியல். அத்தகைய பக்கங்களுக்கு மட்டும், திரையில் சரியாகத் தெரியும்போதே பிடிஎஃப் ஆகவோ படமாகவோ எடுத்து வைப்பதுதான் வழி. அந்த ஒரு தேவைக்காகவே லிங்க்வார்டனை வைத்திருப்பது நியாயம். மின்வாசிப்பானில் படிப்பவர்கள் நோட்டோ போன்ற ஒரு தமிழ் எழுத்துருவைக் கருவியின் எழுத்துரு அடைவில் போட்டுக்கொண்டால் கட்டம் கட்டமாகத் தெரியும் தொல்லை இருக்காது.

சொந்தமாகச் சர்வர் நடத்துவதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் அதை ஒரு மாலை வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நிறுவுவது ஒரு மாலைதான். அதற்குப் பின் வருவதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் வெளியுலகம் நேராக அடையக்கூடிய முகவரி தனியாகக் கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கும். ஆகவே வீட்டில் ராஸ்பெர்ரி பையை வைத்துவிட்டு வெளியூரிலிருந்து திறக்க நினைத்தால் திறக்காது. வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்றவை தரும் தனிப்பட்ட வலைப்பின்னல் வழியாக நம் கருவிகளை மட்டும் இணைத்துக்கொள்ளலாம். கதவு பொதுவில் திறந்திராததால் பாதுகாப்பும் கூடுதல். இல்லையென்றால் மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சிறிய மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுக்கலாம். அப்போது பதிப்புயர்வும் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு.

காப்புப்பிரதி இன்னும் பெரிய பொறுப்பு. பாக்கெட் போனபோது குறைந்தது அறிவிப்பாவது வந்தது. நினைவக அட்டை கெடும்போது எந்த அறிவிப்பும் வராது. என் முதல் சோதனைச் சர்வர் அப்படித்தான் ஒரு மின்வெட்டுக்குப் பின் எழவே இல்லை, காப்புப்பிரதி எடுக்க மறந்திருந்த மூன்று வாரச் சேமிப்பு அதோடு போனது. இப்போது ஒவ்வோர் இரவும் தரவு அடைவு இன்னொரு வட்டுக்குப் பிரதியாகிறது. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து வேறொரு கணினியில் ரீடெக்கை எழுப்பிப் பார்க்கிறேன். எழுப்பிப் பார்க்காத பிரதியை நான் பிரதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர் தயங்காமல் வாலாபேக்கின் கட்டணச் சேவைக்குப் போகலாம். அங்கேயும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிக்கொள்வது நல்லது. சேவை மூடப்பட்டாலும் அதே நிரலை வேறோர் இடத்தில் நிறுவி அந்தக் கோப்பை உள்ளே ஏற்றலாம். பாக்கெட்டில் இந்த வழி இருக்கவில்லை.

பாக்கெட்டின் சிஎஸ்வி கோப்பை இறக்கி இன்னும் எதிலும் ஏற்றாமல் வைத்திருப்பவர்கள் அதைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் இருப்பவை முகவரிகள், ஒவ்வொரு மாதமும் அவற்றில் சில செத்துக்கொண்டிருக்கின்றன. ஏற்றும்போது புதிய செயலி ஒவ்வொரு முகவரிக்கும் போய்ப் பக்கத்தை எடுத்து வர வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் பல மணி நேரம் ஆகும், ஓடட்டும் என்று விட்டுவிடுங்கள். முடிந்ததும் உரை வராமல் நிற்பவற்றைத் தனியே பிரியுங்கள். அவற்றில் சில, முகவரி மாறியவை, தலைப்பைத் தேடினால் வேறு இடத்தில் கிடைக்கும். மீதிக்கு இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் இருக்கிறது. அங்கே ஒரு பக்கத்துக்குப் பல நாள்களில் எடுத்த பல படிகள் இருக்கலாம், பிந்திய படி பெரும்பாலும் 'இந்தப் பக்கம் இல்லை' என்ற அறிவிப்பாகத்தான் இருக்கும். எந்த நாளின் படியைக் கேட்பது என்பதற்கு அந்தப் பத்து இலக்க எண் உதவுகிறது. அதை நாளாக மாற்றி, ஆண்டு மாதம் தேதி என்ற வரிசையில் காப்பக முகவரிக்குள் பொருத்தினால், நீங்கள் அன்று பார்த்த பக்கத்துக்கு மிக அருகில் உள்ள படியை அது கொண்டுவரும்.

1371234567-ஐ 20130614 ஆக்கிக் கேட்டேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் எடுத்த ஒரு படி வந்தது. பெட்டிக்குக் குருத்தோலையை எந்தப் பருவத்தில் வெட்ட வேண்டும், எத்தனை நாள் நிழலில் உலர்த்த வேண்டும், அடிப்பக்கத்தை முடைந்து முடித்ததும் ஓலையை எப்படி நிமிர்த்திப் பக்கச் சுவரை எழுப்ப வேண்டும் என்று தன் பாட்டியிடம் கேட்டு எழுதியிருந்தார் அந்தப் பதிவர். மூன்று படங்களில் ஒன்று மட்டும் இருந்தது, பாதி முடைந்த பெட்டியும் அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும். படித்து முடித்தேன், ரீடெக்கில் சேமித்தேன், ஜிப்பை விரித்து அந்தப் படம் உள்ளே வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வந்திருந்தது.